பொன்னுத்தாயி அண்ணி பிளந்த அரை அட்டி

என் அண்ணன் கைப்பிடித்துக் கூட்டிவந்து, எனக்குக் கூடப்பிறந்தவளாகவே ஆகிப்போன பொன்னுத்தாயி அண்ணிக்கு,

நீங்கள் போய் ஒன்பது வருடம் கழித்து எழுதுகிறேன். இத்தனை நாள் ஏன் ஒரு வரி எழுதவில்லை என்று கேட்பீர்கள். அழுகையும் ஆத்திரமும் தவிர சொல்ல ஒன்றும் இல்லை அண்ணி. இப்போது ஒரு செய்தி இருக்கிறது. கன்ட்ராக்டர் நல்லமுத்துவின் தலை குனிந்துவிட்டது. நான்தான் குனிய வைத்தேன்.

இதை மடித்து உங்கள் படத்துக்குப் பின்னால் வைக்கப் போவதில்லை. தொழிலாளர் சங்கத்துப் பலகையில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். உங்களை அவர் திருடி என்று சொன்னது ஊர் கேட்கத்தானே? இதையும் ஊர் படிக்கட்டும்.

முதலில் வீட்டுச் சேதி. அண்ணன் கோத்தகிரியில் ஒரு காய்கறி மண்டிக்கு வாட்ச்மேனாகப் போகிறார். ஒற்றைக் கண்ணால் கேரட் மூட்டைகளை எண்ணுகிறார். இடது பக்கம் யாராவது கூப்பிட்டால் இன்னும் உடம்போடு திரும்பித்தான் பார்க்கிறார். உங்கள் மகள் செல்வி இப்போது எட்டாம் வகுப்பு. என் தோளுக்கு வந்துவிட்டாள். உங்கள் மாதிரியே சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் எழுந்திருக்க மாட்டாள். உங்கள் மாதிரியே ஒரு சொல் பொறுக்க மாட்டாள். அவளைப் பற்றிக் கடைசியில் இன்னொன்று சொல்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. படிக்கிறவர்கள் பாதிப் பேர் இந்த லைன் வீடுகளுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள். அவர்களுக்கு உங்களைத் தெரியாது.

நம் பேக்டரியில் தேயிலையை உலர்த்துகிற டிரையர் அடுப்புக்கு விறகுதான் தீனி. கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் வெட்டி லாரியில் கொண்டுவந்து மேட்டு யார்டில் உருட்டிவிடுவார்கள். அதைப் பிளந்து, நாலடி உயரத்துக்கு எட்டடி நீளத்துக்கு அடுக்கினால் ஓர் அட்டி. அட்டிக்கு இவ்வளவு என்று கூலி. பிளக்கும் வேலை மொத்தமும் நல்லமுத்துவின் கன்ட்ராக்டில் இருந்தது. அண்ணன் அவரிடம்தான் கோடாலி பிடித்தார். இரும்பு ஆப்பில் சம்மட்டி பட்டுத் தெறித்த சில்லு அண்ணனின் இடது கண்ணில் பாய்ந்தது. நல்லமுத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். அதற்குப் பிறகு வரவில்லை.

அடுத்த மாதம் நீங்கள் அண்ணனின் கோடாலியை எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள். நான் வாசலை மறித்தேன். ஞாபகம் இருக்கிறதா? "பொம்பளை விறகு ஒடைக்கப் போனா எங்க மானம் போயிரும்" என்று கத்தினேன். நான் அப்போது பேக்டரியில் தூள் சலிக்கிற அறையில் நிழலில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். பேச்சுக்குக் குறைச்சல் இல்லை. நீங்கள் என்னைத் தள்ளவில்லை. "மானத்தைக் கொதிக்க வெச்சுக் குடிக்கலாமா சரோ? வழியை விடு" என்றீர்கள். விட்டேன்.

ஒரு வருடத்தில் யார்டில் உங்களுக்கு இணையாக ரெண்டு ஆம்பிளைகள் இருந்தால் அதிகம். நீங்கள் உடனே ஓங்க மாட்டீர்கள். கட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, கணு இருக்கிற இடத்தை விட்டுவிட்டு ஓர் அடி போடுவீர்கள். கட்டை ரெண்டாக விழும். சாப்பாட்டு நேரத்தில் நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். உங்களிடம் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

ஆனால் கூலி மட்டும் உங்களுக்கு முக்கால்தான். ஆம்பிளை பிளந்த அட்டிக்கு முழு ரேட்டு, பொம்பளை பிளந்த அட்டிக்கு முக்கால் ரேட்டு. அதே நாலடி, அதே எட்டடி. ஒரு சனிக்கிழமை, கூலி போடும்போது நீங்கள் எல்லோர் முன்னாலும் கேட்டீர்கள்:

"ஏனுங்க, அடுப்புல போட்டா ஆம்பள வெறகு தனியா எரியுதுங்களா, பொம்பள வெறகு தனியா எரியுதுங்களா?"

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் அண்ணி, எல்லாவற்றுக்கும் காரணம். நீங்கள் கேட்ட கேள்வியைக்கூட அவர் பொறுத்திருப்பார். தன் ஆட்கள் தன் எதிரில் சிரித்ததை அவரால் பொறுக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் ஒரு லோடு அடிக்கட்டை வந்தது. மரத்தை அறுத்த பிறகு மண்ணுக்குள் கிடக்கிற வேர்முண்டு. நார் நேராக ஓடாது, முறுக்கிக்கொண்டு கிடக்கும். வேர்ச் சந்துகளில் கல் கடித்துக்கொண்டிருக்கும். நல்ல ஆள் ஒரு நாள் முழுக்க அடித்தாலும் கால் அட்டி தேறினால் பெரிது. நல்லமுத்து உங்களைத் தனியாகக் கூப்பிட்டு அந்தக் குவியலைக் காட்டினாராம்.

"ஆம்பள ரேட்டு வேணுங்கற இல்ல? நாளைக்கு வந்து மத்தியானத்துக்குள்ள இதுல அரை அட்டி அடிச்சுக் காட்டு. காட்டிட்டா உனக்கு மட்டுமில்ல, யார்டுல இருக்கற அத்தனை பொம்பளைக்கும் முழு ரேட்டு. முடியலைன்னா வாயை மூடிட்டு இருக்கோணும்."

மறுநாள் ஞாயிறு. பேக்டரி லீவு. மழை வேறு விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. இதை நீங்கள் அடுப்பின் பக்கம் உட்கார்ந்து என்னிடம் சொன்னீர்கள். போகலாமா வேண்டாமா என்று உங்களுக்கே தெரியவில்லை. "மேட்டுல மர உருளைங்களை முட்டுக் கொடுக்காம அடுக்கி வெச்சிருக்காரு சரோ. மண்ணு ஊறிக் கெடக்குது. ரெண்டு வாட்டி சொல்லிப் பாத்துட்டேன்" என்றும் சொன்னீர்கள்.

நான் என்ன சொன்னேன்? "போங்க அண்ணி. அடிச்சுக் காட்டுங்க. அந்தாளு மூஞ்சியில கரியைப் பூசுங்க" என்றேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணனிடம்கூட. உங்களை அனுப்பியது நான்தான். நல்லமுத்துவின் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி என் மேல் இருக்கிற கோபம். அதையும் சேர்த்தே அவரிடம் வாங்கிவிட வேண்டும் என்று இருந்தேன். அது நியாயமா என்று கேட்காதீர்கள்.

மத்தியானம் மேட்டிலிருந்து உருளைகள் சரிந்தன. நல்லமுத்து கீழே ரோட்டில் ஓடிவந்து ஆட்களைக் கூப்பிட்டார். "சத்தம் கேட்டு இப்பத்தான் வந்தனுங்க, உள்ள யாரோ கெடக்கறாங்க" என்றார். ஆட்கள் உருளைகளைத் தள்ளி உங்களை எடுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அங்கேயே, உங்கள் முகத்தில் இருந்த மண்ணைக்கூடத் துடைக்காத நேரத்தில், அவர் அடுத்த வார்த்தையைச் சொன்னார்.

"லீவு நாள்ல யார் வரச் சொன்னது? வெறகு எடுத்துட்டுப் போகலாம்னு வந்திருக்கா."

போலீஸிடமும் அதைத்தான் சொன்னார். அப்போது இருந்த மேனேஜரிடமும் அதையே சொன்னார். லைன் லைனாகப் போய்த் துக்கம் விசாரிக்கிற மாதிரி உட்கார்ந்து அதையே சொன்னார். "பாவம், கஷ்டத்துக்கு எடுத்திருப்பா, நான் தப்பா நெனைக்கலைங்க" என்று இரக்கத்தையும் கலந்து சொன்னார். நான் பந்தயத்தைப் பற்றிச் சொன்னேன். நாத்தனார் வேறு எப்படிச் சொல்லுவாள் என்றார்கள். திருட வந்த இடத்தில் நடந்ததற்கு நஷ்டஈடு எதற்கு என்று கேட்டு மூடிவிட்டார்கள்.

உங்களை அடக்கம் செய்த மறுநாள் நான் யார்டுக்குப் போனேன். போலீஸ் பார்த்து முடிக்கும்வரை எதையும் தொடக் கூடாது என்றிருந்ததால் கோடாலி அங்கேயே கிடந்தது. பக்கத்தில் அடிக்கட்டை பிளந்து அடுக்கியிருந்தது. மழையில் நனைந்து உள்சிவப்பு இன்னும் மாறாமல் இருந்தது. என் புடவைத் தலைப்பால் அளந்து பார்த்தேன். நாலடி உயரம், நாலடி நீளம். அரை அட்டி. ஒரு சிம்பு குறையவில்லை.

நீங்கள் ஜெயித்திருந்தீர்கள் அண்ணி. சாயங்காலம் போனபோது அந்த அடுக்கு இல்லை. ராத்திரி ஷிப்டுக்கு முன்பே நல்லமுத்து அதை அடுப்பில் போடச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு வருடங்கள் போயின. விறகு திருடி மகள் என்று பள்ளிக்கூடத்தில் எவளோ சொல்லிவிட்டாள். செல்வி மூன்றாம் வகுப்பு. வீட்டுக்கு வந்து பையை இறக்காமலேயே கேட்டாள்: "அத்தை, அம்மா திருடுனாங்களா?" இல்லை கண்ணு என்றேன். "அப்ப ஏன் யாருமே இல்லைன்னு சொல்லலை?" என்று கேட்டாள்.

அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். பொம்பளைகளின் பிரதிநிதியாகச் சங்கத்தில் நின்றேன். கூட்டத்தில் பேசப் பழகினேன். மனு எழுதப் பழகினேன். சரோஜா நியாயத்துக்குப் போராடுகிற பிள்ளை என்று எல்லோரும் புகழ்கிறார்கள். உங்களிடம் என்ன மறைக்க? எனக்கு வேண்டியிருந்தது பழி. நல்லமுத்து எதிரே வரும்போதெல்லாம் "வணக்கமுங்க" என்று முதலில் சொல்லுவேன். அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதினேன். அவர் மகள் பிரசவத்துக்கு வந்தபோது சுக்கும் பனங்கருப்பட்டியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பழையதை மறந்துவிட்டேன் என்று அவர் நம்ப வேண்டும். நம்பினார்.

போன மாதம் நேரம் வந்தது. பழைய கன்ட்ராக்ட் முடிகிறது. புது மேனேஜர் கோயமுத்தூர்க்காரர், இளவயது, எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்கிறவர். விறகு பிளக்கிறதுக்குப் புதிதாக ரேட்டு போட வேண்டும் என்று ஆபீஸ் வராந்தாவில் கூட்டம் போட்டார். பிளக்கிற ஆட்கள், சங்கத்திலிருந்து நான், நல்லமுத்து. எல்லாவற்றையும் எழுத ஆபீஸ் கிளார்க் ஆரோக்கியம்.

மேனேஜர் கேட்டார்: "ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தனை அட்டி பிளக்க முடியும்? அது தெரிஞ்சா ஒரு நாள் கூலிக்குச் சரியா ரேட்டு வெச்சிரலாம்."

புரிகிறதா அண்ணி? ஒரு நாளில் நிறையப் பிளக்கலாம் என்றால் அட்டிக்கு ரேட்டு குறையும். கொஞ்சம்தான் முடியும் என்றால் ரேட்டு ஏறும். ஆகவே நல்லமுத்து எதைக் கேட்டாலும் கூட்டித்தான் சொல்லுவார். நான் அதற்காகவே காத்திருந்தேன்.

நார் நேராக ஓடுகிற நேர்க்கட்டைக்கு ஒரு நாளைக்கு ஓர் அட்டி என்று சுலபமாக முடிந்தது. அடிக்கட்டை என்றதும் சண்டை. கால் அட்டிக்கு மேல் வராது என்றார்கள் ஆட்கள். "சோம்பேறிங்க. முழுசா ஒரு அட்டி அடிக்கலாமுங்க" என்றார் நல்லமுத்து.

நான் எழுந்தேன். "சார், ஆம்பளைங்களுக்கே கால் அட்டின்னா, பொம்பளைங்களால அடிக்கட்டையைத் தொடவே முடியாதுங்க. அரை நாள் அடிச்சாலும் ஒரு கூடை தேறாது. பொம்பளைக்கு அடிக்கட்டை ரேட்டே போட வேண்டாமுங்க."

எங்கள் பொம்பளைகள் என்னை முறைத்தார்கள். இவளுக்குப் புத்தி கெட்டுப்போச்சா என்று ஒருத்தி என் முதுகுக்குப் பின்னால் சொன்னது காதில் விழுந்தது. நல்லமுத்து நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் ஒரு பொய்யில் மாட்டிக்கொண்டேன் என்று அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"ஏனுங்க சார், இந்தம்மா சொல்றது சுத்தப் பொய்யுங்க. இதே யார்டுல ஒரு பொம்பளை தனியா மத்தியானத்துக்குள்ள அரை அட்டி அடிக்கட்டை அடிச்சுப் போட்டா. என்ர கண்ணால பாத்தனுங்க. பக்கத்துல நின்னு அளந்தே பாத்தேன்."

"யாருங்க அது?" என்றேன்.

"யாரா? உங்க அண்ணிதான் அம்மணி! பொன்னுத்தாயி! உங்க ஊட்டு ஆளையே மறந்துட்டியா?"

சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னைக்குங்க?"

அவர் வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றது.

"அடிக்கட்டை லோடு சனிக்கிழமை சாயங்காலம் வந்துச்சுங்க. அதுக்கு முன்னால இந்த யார்டுக்கு அடிக்கட்டை வந்ததே இல்லை. எங்க அண்ணி ஞாயித்துக்கிழமை மத்தியானம் செத்துட்டாங்க. நடுவுல வேற எந்த மத்தியானமுங்க இருக்குது?"

ஆரோக்கியம் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவர் உங்களை எடுக்கக் கை கொடுத்தவர். மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆட்களில் ஒருவர் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். சத்தம் கேட்டு ஓடிவந்தேன் என்று நல்லமுத்து சொன்னது, லீவு நாளில் யார் வரச் சொன்னது என்று கேட்டது, திருடி என்றது, அடக்கத்துக்கு ஒரு முழம் பூ வாங்கிவராமல் லைன் லைனாகப் போய்ப் பேசியது. அவர் முடித்ததும் நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"அரை அட்டின்னு நீங்களே அளந்து பாத்தீங்கன்னா, அப்ப எங்க அண்ணி ஜெயிச்சுட்டாங்கதானுங்களே?"

அவர் தரையைப் பார்த்தார். மேனேஜர், "ஆரோக்கியம், அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்க. படிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்குங்க" என்றார். ஆரோக்கியம் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். நல்லமுத்து கையெழுத்துப் போட்டார். போடாமல் எங்கே போவார்? இருபது பேர் கேட்டிருக்கிறோம்.

அதற்குப் பிறகும் அந்த ஆள் விடவில்லை பாருங்கள். "அரை அட்டி ஒரு பொம்பளை அடிச்சது உண்மைதானுங்க சார், அப்ப அதையே அளவா வெச்சு ரேட்டு போடுங்க" என்றார். எனக்கு அவர் கழுத்தைப் பிடிக்கத் தோன்றியது. பிடிக்கவில்லை. "அது எங்க அண்ணி ரோஷத்துல அடிச்சது சார். அப்படி நாள்தோறும் யாராலும் அடிக்க முடியாது. சாதாரண ஆளு, சாதாரணமா மூச்சு விட்டு, கஞ்சி குடிச்சு, மறுநாளும் வேலைக்கு வர்ற மாதிரி எவ்வளவு அடிக்கறாரோ, அதுதான் அளவு" என்றேன். மேனேஜர் ஒத்துக்கொண்டார்.

மூன்று நாள் யார்டில் சோதனை வைத்தார்கள். ரெண்டு ஆம்பிளை, ரெண்டு பொம்பளை. முதல் நாள் காலையில் நானே கோடாலியை எடுத்து நல்லமுத்துவிடம் நீட்டினேன். "நீங்களும் ஒரு கட்டை அடிங்க. முழுசா ஒரு அட்டி ஆகும்னு சொன்னீங்களே." மேனேஜர் பார்த்துக்கொண்டு நிற்கிறார், மறுக்க முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி ஓங்கினார். கோடாலி வேர்முண்டில் பாதி இறங்கிச் சிக்கிக்கொண்டது. காலை வைத்து மிதித்து இழுத்தார். ஆட்டினார். முகமெல்லாம் வேர்வை. கோடாலி வரவில்லை. சுற்றி நின்ற ஒருத்தரும் கை கொடுக்கப் போகவில்லை. நான் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தேன் அண்ணி. எத்தனை நாள் பசி!

மூன்று நாளும் அடிக்கட்டையில் ஆளுக்குக் கால் அட்டிதான் தேறியது; ரேட்டு இப்படி முடிந்தது. நேர்க்கட்டைக்கு ஒன்று, ஈரக்கட்டைக்கு அதைவிடக் கூட, அடிக்கட்டைக்கு நாலு மடங்கு. ஆம்பிளைக்கும் பொம்பளைக்கும் ஒரே ரேட்டு. கோடாலி சாணை பிடிக்கிற செலவு கன்ட்ராக்டரைச் சேர்ந்தது. முட்டுக் கொடுக்காமல் உருளை அடுக்கினால் கன்ட்ராக்ட் ரத்து. அறிவிப்பை ஆரோக்கியம் ஒட்டியபோது பொம்பளைகள் என்னைக் கட்டிக்கொண்டார்கள். நான் அழவில்லை. எனக்கு இன்னும் வேலை பாக்கி இருந்தது.

மறுவாரம் நல்லமுத்து நம் வீட்டுக்கே வந்தார். உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றுகொண்டு பேசினார்.

"அம்மணி, சங்கம் ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுத்தாத்தான் கன்ட்ராக்டு திரும்பக் கெடைக்குமாம். நடந்தது நடந்துபோச்சு. மன்னிச்சு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு."

"எங்கிட்ட எதுக்குங்க மன்னிப்பு? யார் யார் ஊட்டுல உக்காந்து எங்க அண்ணியைத் திருடின்னு சொன்னீங்களோ, அந்த ஊட்டுக்கெல்லாம் போயி, நான் சொன்னது பொய்யின்னு சொல்லுங்க. நானும் கூட வர்றேன். மத்ததை அப்புறம் பாக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லோரும் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்துப் புறப்பட்டோம். அவர் முன்னால், நான் ரெண்டு அடி பின்னால். முதல் லைன், ரெண்டாம் லைன், மூன்றாம் லைன். முப்பத்தெட்டு வாசல். பழைய குடும்பம், புதுக் குடும்பம் என்று நான் பிரிக்கவில்லை. ஒரு வாசலையும் விடவில்லை. ஒவ்வொரு வாசலிலும் அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "பொன்னுத்தாயி திருட வரலைங்க. நான்தான் வரச் சொன்னேன். நான் சொன்னது பொய்யுங்க" என்று சொல்ல வேண்டும். சத்தம் குறைந்தால், "கேக்கலைங்க" என்பேன். திரும்பச் சொல்லுவார். எனக்கு இனித்தது. பத்தாவது வாசலில் இருந்ததைவிட இருபதாவது வாசலில் அதிகமாக இனித்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

மூன்றாம் லைனில் ஒரு சின்னப் பெண், போன வருடம் கல்யாணமாகித் தேவர்சோலைப் பக்கமிருந்து வந்தவள், கைக்குழந்தையோடு நின்றாள். உங்களை அவளுக்குத் தெரியாது. முழுக்கக் கேட்டுவிட்டு, வெகுளியாக ஒன்று கேட்டாள்.

"அப்ப மரம் உருண்டப்ப நீங்க அங்கயேதானே இருந்தீங்க? அவங்களுக்கு உசுரு இருந்துச்சுங்களா?"

ஒன்பது வருடமாக நான் கேட்காத கேள்வி. எனக்குத் தோன்றவே இல்லை.

நல்லமுத்து என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். "இருந்துச்சும்மா" என்றார். "தண்ணி கேட்டா. நான் பயந்துட்டேன். அந்த வெறகு அடுக்கைப் பாத்தா நான் வரச் சொன்னது தெரிஞ்சுரும்னு பயம். கொஞ்ச நேரம் தோட்டத்துக்குள்ள போயி ஒக்காந்துட்டேன். அப்புறந்தான் ரோட்டுக்குப் போயி ஆளுங்களைக் கூப்புட்டேன்."

அந்தப் பெண் குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? ஒன்றும் செய்யவில்லை. வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு நேரம்? எத்தனை தடவை தண்ணீர் கேட்டீர்கள்? என் பெயரைச் சொன்னீர்களா? வீட்டிலிருந்து யார்டுக்கு எட்டிப் பிடிக்கிற தூரம்தானே அண்ணி. அந்த நேரத்தில் நான் உங்களுக்காகச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எழுந்தேன். "இன்னும் ஏழு வாசல் இருக்குதுங்க" என்றேன். "இப்பச் சொன்னதையும் சேத்துச் சொல்லுங்க." சொன்னார். ஏழு வாசலிலும் சொன்னார். இப்போது இனிப்பெல்லாம் இல்லை. என் காது அடைத்துப்போயிருந்தது.

எட்டாவதாக, கடைசியாக, நம் வீடு. அங்கே மட்டும் தண்ணீர் கேட்டதைச் சொல்லக் கூடாது என்று வழியிலேயே சொல்லிவிட்டேன். அண்ணன் வீட்டில் இல்லை. செல்வி வாசலில் நின்றாள். அவளுக்கு முன்னால் அவர் முதலில் சொன்னதை மட்டும் சொன்னார். மத்தியானத்துக்குள் அரை அட்டி அடித்தால் முழு ரேட்டு தருகிறேன் என்று வரச் சொன்னதையும், நீங்கள் அடித்துக் காட்டியதையும் சொன்னார். செல்வி அவரைத் திட்டவில்லை. அழவும் இல்லை. கண்ணை அகலமாக்கிக்கொண்டு ஒன்றுதான் கேட்டாள்.

"அடிக்கட்டையில அரை அட்டியா? எங்க அம்மாவா?"

"ஆமாங்கண்ணு."

அவள் என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் பார்த்ததே இல்லை. நீங்கள் கூலி கேட்டு நின்ற அன்று உங்கள் முகம் அப்படித்தான் இருந்தது என்று யார்டு ஆட்கள் சொல்லுவார்கள். எனக்குப் பழி தேவைப்பட்டது. அவளுக்கு உங்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைதான் தேவைப்பட்டிருக்கிறது. அதைக் கொடுக்க எனக்கு இத்தனை வருடம் ஆகிவிட்டது.

செல்வி உள்ளே போனதும் நல்லமுத்து காகிதத்தை எடுத்தார். "கையெழுத்து அம்மணி" என்றார்.

"போட்டுத் தர்றேன்னு நான் சொல்லவே இல்லீங்களே. அப்புறம் பாக்கலாம்னுதானே சொன்னேன். பாத்தாச்சு. நீங்க போலாமுங்க."

ஏமாற்றினேன்தான். எனக்கு வெட்கமில்லை. அவருக்குக் கன்ட்ராக்ட் இல்லை. இப்போது ஆட்களே சேர்ந்து எடுத்து நடத்துகிறார்கள். ஆறு பொம்பளைகள் கோடாலி பிடிக்கிறார்கள்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் குன்னூர் போகிறேன். ஆரோக்கியம் எழுதிய காகிதத்தின் நகல் என் பையில் இருக்கிறது. அந்தச் சின்னப் பெண்ணும் அவள் புருஷனும் தாங்கள் கேட்டதை எழுதிக் கைநாட்டும் கையெழுத்தும் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வக்கீலம்மா பார்க்கிறேன் என்றிருக்கிறார். இத்தனை வருடம் கழித்து வழக்கு நிற்குமா என்று அவருக்கே சந்தேகம். நிற்காவிட்டால் இன்னொரு வக்கீல். அவர் மறுத்தால் இன்னொருவர். பள்ளத்தாக்கில் இன்னும் நாலு பேக்டரியில் பொம்பளைக்கு முக்கால் ரேட்டுதான். அங்கேயும் ஒவ்வொன்றாக ஏறி இறங்குவேன். செல்விக்குப் பதினெட்டு வயதானதும், நீங்கள் தண்ணீர் கேட்டதையும், உங்களைப் போகச் சொன்னது நான்தான் என்பதையும் என் வாயாலேயே சொல்லுவேன். அதற்குள் இந்தக் காகிதத்தை அவள் பலகையில் படித்துவிட்டால், வந்து என்னைக் கேட்கட்டும், அன்றைக்கே சொல்லுவேன்.

நல்லமுத்துவை மன்னிக்க மாட்டேன் அண்ணி. சாகக் கிடந்தாலும் அவர் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். நீங்கள் இருந்திருந்தால் போகட்டும் விடு சரோ என்றிருப்பீர்கள். நீங்கள் இல்லையே. அதனால் விட மாட்டேன். இது உங்கள் மேல் ஆணை.

உங்களுக்கு அன்று ஒரு வாய்த் தண்ணீர் கொண்டுவராத,
உங்கள் நாத்தனார்,
சரோஜா